மெய்க்கீர்த்தியும் என் ரெஸ்யூமும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். (இந்தப் பதிவுல நிஜ ஆணியும் வருது, கடைசி வரைக்கும் படிங்க.) கொஞ்சம் நீளமான பதிவு, சரித்திரம் வேற. டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துடுங்க.

டிஸ்கி: அடியேன் கல்வெட்டு அறிஞன் எல்லாம் இல்லை. படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர். போளூர்ல பொறந்ததால சுத்துவட்டாரக் கல்லெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ரெண்டு மாசம் முன்னாடி வேலை மாறலாம்னு ரெஸ்யூமைத் தூசி தட்டினேன். 2018-ல் டிகிரி. அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். 2020-ல் லாக்டவுன், சம்பளம் நின்னு போச்சு. அதே நேரம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன், அதனால எங்க ஹார்டுவேர் கடைக்கு நான்தான் முதலாளி, குமாஸ்தா, மூட்டை தூக்குற ஆள் எல்லாம். அப்புறம் மேனுவல் டெஸ்டிங், அப்புறம் ஆட்டோமேஷன், இப்போ டெவலப்பர். பத்து வருஷம் கூட ஆகலை, அதுக்குள்ள அஞ்சு அவதாரம்.

ஒரு இண்டர்வியூவில் எதிர்ல உக்காந்திருந்தவர் ரெண்டு பக்கத்தையும் முன்னும் பின்னுமா திருப்பிப் பார்த்துட்டு, "நிறைய பண்ணியிருக்கீங்க. ஆனா நீங்க யாருன்னு இதுல தெரியலையே" அப்படின்னார். கோபம் வரலை, ஏன்னா எனக்கும் தெரியலை. ஒரு கன்சல்டன்சி ஆளைப் பிடிச்சேன். அவர் அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். வாத்தியார் வேலையை 'டிரெய்னர்'னு மாத்துங்க. டெஸ்டிங்கைச் சுருக்குங்க. கடையைத் தூக்கிடுங்க, அந்த வருஷத்துக்கு 'சுயமாகப் படித்தல்'னு போட்டுக்கலாம், கோவிட் காலம்தானே, யாரும் கேட்க மாட்டாங்க.

அப்படியே செஞ்சு, அந்த வாரம் ஊருக்குப் போனப்ப ஒரு பிரிண்ட் எடுத்து மேஜை மேல வச்சிருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படிச்சார்.

"இன்னாடா இது, கடையே காணோம்?"

"அது வேணாம்னு சொல்றாங்கப்பா."

அவர் ஒண்ணும் சொல்லலை. பேப்பர் பறக்காம இருக்க எடைக்கல்லை எடுத்து அது மேல வச்சுட்டு கடைக்குக் கிளம்பிட்டார்.

மறுநாள் காலையில் மனசு சரியில்லாம பைக்கை எடுத்துக்கிட்டு திருமலைக்குப் போனேன். ஏழுமலையான் திருமலை இல்லைங்க, இது எங்க போளூர் பக்கத்துத் திருமலை. ஜவ்வாது மலைத்தொடருக்குக் கிழக்கே சமவெளியில் தனியா எழும்பி நிக்கிற பாறை மலை. மேல சுமார் 16 அடி உயரத்துக்கு நேமிநாதர் நிக்கிறார். கீழே சமணக் கோயில், குகையில் பழைய ஓவியங்கள். ராஜராஜ சோழனோட அக்கா குந்தவை பேரில் இங்கே ஒரு ஜினாலயம் இருந்தது. பொன்னியின் செல்வன் படிச்சுட்டு தஞ்சாவூருக்கு ஓடுற மக்கள் ஒரு நடை இங்கேயும் வரலாம். கூட்டமே இருக்காது.

இங்க ஒரு பாறையில்தான் ராஜேந்திர சோழனோட புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கு. ஜெர்மன்காரரான ஹுல்ஷ் 1890-ல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இதைப் பதிப்பிச்சுட்டார். நடந்த விஷயம் என்னவோ சின்னதுதான். நன்னப்பையன்னு ஒரு வியாபாரி, அவர் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் திருவமுதுக்கும் காசு கொடுக்கிறாங்க. இதுக்கு ரெண்டு வரி போதும். ஆனா அந்த ரெண்டு வரிக்கு முன்னாடி ராஜாவோட ரெஸ்யூம் முழுசா வெட்டியிருக்கு. அதுக்குப் பேர்தான் மெய்க்கீர்த்தி.

சின்ன வயசுல இதை "ராஜா பெருமை"ன்னு தாண்டிப் போயிருக்கேன். அன்னிக்கு, மூளை பூரா ரெஸ்யூமா இருந்ததால, வேற மாதிரி படிக்க வந்துச்சு. ஆரம்பத்துல திருமகளும் நிலமகளும் விரும்பி வந்து சேர்ந்தாங்கன்னு ரெண்டு வரி அலங்காரம். நம்ம 'ஆப்ஜெக்டிவ்' மாதிரி, யாரும் படிக்கிறதில்லை, இல்லாமலும் இருக்காது. அப்புறம் வரிசையா சாதனைகள். இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம். அப்புறம் ஈழத்து அரசனோட முடி, பாண்டியன் எப்பவோ அவன்கிட்ட கொடுத்து வச்சிருந்த முடியும் இந்திரன் ஆரமும். அப்புறம் கேரளன் முடி. முயங்கியில் ஜெயசிம்மனை ஓட ஓட விரட்டினது. சக்கரக்கோட்டம். ஒட்ட நாடு, கோசலம், தண்டபுத்தி, தக்கணலாடம், மழை நிக்கவே நிக்காத வங்காள தேசம் (அங்க கோவிந்தசந்தன் யானையை விட்டு இறங்கி ஓடினானாம்), மகிபாலன், உத்திரலாடம், கடைசியில கங்கை.

கங்கையோட நிக்குது. கடாரம் இல்லை!

அதுதான் சுவாரசியம். கல்வெட்டின் காலம் ராஜேந்திரனோட 12-13-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1024-25 வாக்கில். கடாரப் படையெடுப்பு அதுக்கப்புறம்தான். 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் இருந்து கடாரம், ஸ்ரீவிஜயம் எல்லாம் வால் மாதிரி வந்து ஒட்டிக்குது. முன்னால இருக்கிற பகுதி மாறாது, புதுசு கடைசியில் சேரும். நம்ம ரெஸ்யூமுக்கு நேர் எதிர், நமக்குப் புதுசுதான் மேல. இப்படி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுக்கிட்டே போறதாலதான், ஆண்டுக் கணக்கு சிதைஞ்சு போன கல்வெட்டில் கூட "ஈழம் இருக்கு, கங்கை இல்லை, அப்போ இந்த வருஷத்துக்குள்ள"ன்னு வரலாற்று ஆளுங்க கண்டுபிடிக்கிறாங்க. வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு, வெர்ஷன் மூணு... நாம கோடுக்கு மாறுதல் வரலாறு வைக்கிற மாதிரியே.

இந்த வழக்கத்தை ஒழுங்கா ஆரம்பிச்சு வச்சவர் அவங்க அப்பா ராஜராஜன். அவரோட 21-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இதே திருமலையில் இருக்கு. குணவீர மாமுனிவன்னு ஒரு சமணத் துறவி ஏரிக்குக் கலிங்கு கட்டின செய்தி. அதிலும் முதல்ல ராஜாவோட பட்டியல்தான். வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடின்னு போகுது. பட்டியலில் முதல் ஐட்டம் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்தது'. அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் அடிதடி. காந்தளூரில் மண்டபம் கட்டினார்னு ஹுல்ஷ் முதல்ல அர்த்தம் பண்ணினார். கப்பல்களை அழிச்சார்னு பின்னாடி வந்தவங்க. இல்லை, அங்கிருந்த கல்விச்சாலையில் சாப்பாட்டு உரிமையை நிறுத்தினார்னு இன்னொரு கட்சி. எழுதும்போது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ரெஸ்யூமில் போன கம்பெனியோட உள்வீட்டுப் பேரை எல்லாம் போட்டு வச்சிருக்கிற மக்கள் இதைக் கவனிக்கவும் :-)

இன்னொண்ணு. கங்கை வரைக்கும் ராஜேந்திரன் நேர்ல போனாரா? திருவாலங்காட்டுச் செப்பேடு அதே ராஜா வெளியிட்டதுதான். அதில் சமஸ்கிருதப் பகுதியில் தளபதியை அனுப்பினதாவும், ராஜா கோதாவரிக் கரையில் வந்து சேர்ந்ததாவும் இருக்கு. மெய்க்கீர்த்தியில் தளபதியே கிடையாது. டீம் பண்ணினது, லீடு பேரில் வந்துடுச்சு. ஆயிரம் வருஷமா மாறாத ஒரே விஷயம்! முயங்கிக் கதையும் அப்படித்தான். இங்க ஜெயசிம்மன் தோத்து ஓடினான். அந்த ஜெயசிம்மனே 1024-ல் வெளியிட்ட மிரஜ் செப்பேட்டில் அவன்தான் சோழனை விரட்டினவன். ஒரே சண்டை, ரெண்டு ரெஸ்யூம், ரெண்டுலயும் ஜெயம்.

ரெஸ்யூமோட வரலாறுன்னு இணையத்துல தேடினா எல்லாரும் லியொனார்டோ டாவின்சியில்தான் ஆரம்பிப்பாங்க. 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதின கடிதம். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், சுரங்கம் தோண்டுவேன்னு அடுக்கிட்டு, ஓவியமும் வரைவேன்னு கடைசியில சேர்த்திருப்பார். யுத்தம் பண்றவன்கிட்ட வேலை கேக்கிறோம், அவனுக்குத் தேவையானது மேல. புத்திசாலிதான். ஆனா எங்க ஊர்ப் பாறை அதுக்கு நானூத்தம்பது வருஷம் மூத்தது, சொல்லிட்டேன்.

சரி, ராஜாவுக்குப் பட்டியல் போட ஆளும் கல்லும் இருக்கு. சாதாரண ஆளுக்கு?

அதுக்கு மலையைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம், செங்கம் போகணும். 1971-ல் தொல்லியல் துறை அந்தப் பகுதியில் நடுகற்களைத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சு, இரா. நாகசாமி பதிப்பாசிரியரா இருந்து 1972-ல் 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமாவே போட்டாங்க. பல்லவர் காலத்துல இருந்து வருது, நிறைய வட்டெழுத்து. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன். கல்லில் ஒரு உருவம், கையில் வில்லு, வாளு. மேல நாலைஞ்சு வரி. வடிவம் ஏறக்குறைய ஒண்ணுதான். இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனோட சேவகன், இன்ன சண்டையில், இன்னார் பட்டான், அவன் கல். முடிஞ்சது.

எத்தனை வருஷம் வாழ்ந்திருப்பான்? மாடு மேய்ச்சிருப்பான், சாமை விதைச்சிருப்பான், வேலி கட்டியிருப்பான், தேன் எடுத்திருப்பான். அதெல்லாம் கல்லில் ஏறாது. ஒரு நாள், ஒரு வேலை, அதுதான் ஏறும். அந்தக் கன்சல்டன்சி ஆள் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவார், அப்படி ஒரு சுருக்கம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எடுத்தனூர் கல். மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒரு சேவகன் செத்துப் போறான். கல்லில் அவன் உருவத்துக்குப் பக்கத்துல ஒரு நாய். அந்த நாய்க்குத் தனியா எழுத்து. பேர் கோவிவன், கள்ளரைக் கடிச்சுக் காவல் இருந்ததுன்னு. நாய்க்குப் பேரும் வேலையும் போட்டு, பல்லவ ராஜாவோட ஆண்டுக் கணக்கும் சேர்த்து வெட்டி வச்சிருக்காங்க!

கதை அதோட முடியலை. மகேந்திரவர்மன் காலத்தைப் பாடப்புத்தகத்தில் 600-லிருந்து 630 வரைன்னு படிச்சிருப்போம். மொத்தம் 30 வருஷம். கல்லில் 34-ஆம் ஆண்டுன்னு இருந்தா? அந்தக் கணக்கு ஒத்துவரலை. பல்லவனோட ஆட்சித் தொடக்கத்தை முன்னால தள்ள வேண்டியதாச்சு. காஞ்சிபுரத்து ராஜாவோட சர்வீஸ் வருஷத்தை எடுத்தனூர் நாய் திருத்தியிருக்கு. போளூர்க்காரனுக்கு (செங்கத்துக்காரனுக்கும்) இதைவிடப் பெருமை வேணுமா?

இப்போ என் பிரச்சினைக்கு வரேன். நடுகல்காரனுக்கு ஒரே வேலை. ராஜேந்திரனுக்கு நிறைய, ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேலை, ஊர் மட்டும்தான் மாறுது. என்னை மாதிரி அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு இருந்தவன் யார்? திருமலைக் கல்வெட்டில் சக்கரக்கோட்டம் வருதுன்னு சொன்னேனில்லையா, அதைப் பிடிச்சுக்கிட்டே போனா ஆள் கிடைச்சுட்டார். ராஜேந்திரனோட மகள் வயித்துப் பேரன், முதல் குலோத்துங்கன்.

அப்பா வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய ராஜா ராஜராஜ நரேந்திரன். அம்மா அம்மங்கை தேவி. தாத்தா பேரையே வச்சு இவருக்கும் ராஜேந்திரன். அப்பா செத்த பிறகு வேங்கி சித்தப்பா விஜயாதித்தன் கையில். இவர் வடக்கே, இன்னிக்குச் சத்தீஸ்கரில் பஸ்தர்னு சொல்ற பக்கம், சக்கரக்கோட்டம் வயிராகரம்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கார். பொறந்த வீட்டு நாற்காலி இல்லை, அம்மா வீட்டு நாற்காலி இன்னும் வரலை. ரெஸ்யூம் பாஷையில் சொன்னா இதுதான் 'கேப்'.

1070-ல் தெற்கே வீரராஜேந்திரன் இறக்கிறார். அவர் மகன் அதிராஜேந்திரன் கொஞ்ச காலம்தான் இருக்கார், அவரும் போயிடுறார். சோழ சிம்மாசனத்தில் சாளுக்கியர் வீட்டுப் பிள்ளை ஏறிடுறார். எப்படி ஏறினார்? அங்கதான் எழுத்து வேலை ஆரம்பிக்குது.

முதல் மூணு நாலு வருஷத்துக் கல்வெட்டுகளில் இவர் பேர் குலோத்துங்கனே இல்லை. ராஜகேசரி ராஜேந்திர சோழன். மெய்க்கீர்த்தியில் இளங்கோவா இருந்தப்பவே வயிராகரத்தில் யானைகளைப் பிடிச்சதையும் சக்கரக்கோட்டத்து அரசன்கிட்ட திறை வாங்கினதையும் நிதானமாச் சொல்றார். அப்புறம் தெற்கே திருமகள் பொதுச்சொத்தா கிடந்தா, பொன்னி நாட்டு நிலமகள் தனிமையில் இருந்தா, அந்தக் குறைகளைத் தீர்த்து வச்சேன்கிறார். கவனிச்சீங்களா? நாற்காலி காலியா இருந்தது, வந்து உக்காந்தேன். அதிராஜேந்திரன் பேச்சே இல்லை.

அஞ்சாம் ஆண்டு வாக்கில் ஆள் பேரே மாறுது. குலோத்துங்கன், குலத்தை உயர்த்தினவன். மெய்க்கீர்த்தியும் வேற. அதிலும் ஒண்ணு இல்லை, சுருக்கமா ஒண்ணு, விரிவா ஒண்ணுன்னு ரெண்டு. அஞ்சாவது வருஷத்துல பேரையும் ரெஸ்யூமையும் சேர்த்தே மாத்தின ஆள், அதுக்கப்புறம் 1120 தாண்டுற வரைக்கும் ஆட்சி பண்ணினார். அவர் வாழ்க்கையைத் தமிழ்ல முழுசாப் படிக்கணும்னா சதாசிவ பண்டாரத்தாரோட 'முதற் குலோத்துங்க சோழன்' இருக்கு. பழைய நடை, ஆனா கல்வெட்டு கல்வெட்டா எடுத்து வச்சுப் பேசுவார்.

பட்டியலில் இல்லாதது போயிடுமா? போகாது. மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனோட அரசவையில் பில்ஹணர்னு ஒரு காஷ்மீரத்துக் கவி இருந்தார். விக்கிரமாதித்தன் யாருன்னா, வீரராஜேந்திரனோட மருமகன். பில்ஹணர் எழுதின காவியத்தில் கதை வேற மாதிரி. மாமனார் செத்ததும் விக்கிரமாதித்தன் கிளம்பி காஞ்சிக்கு வந்து, கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரத்தில் மச்சானை சிம்மாசனத்தில் உக்கார வச்சுட்டுத் திரும்பறார். திரும்பின சில நாளிலேயே மச்சானைக் கலகத்தில் கொன்னுட்டாங்க, வேங்கி ராஜிகன் அரியணையைப் பிடிச்சுட்டான்னு சேதி வருது. ராஜிகன் நம்மாள்தான். பழைய ஆபீஸ்ல விசாரிச்சா இப்படித்தான் ஆகும். பில்ஹணரும் சம்பளத்துக்கு எழுதினவர்தான்கிறதையும் மறக்கக் கூடாது.

இந்தப் பக்கம் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில், ராஜா செத்து நாடு சீர்குலைஞ்சு கிடந்தப்ப வடக்கே போயிருந்த நம்ம நாயகன் வந்து காப்பாத்தினார்னு பாடிட்டார். அதிலும் இடையில் இருந்த இளைஞனுக்கு இடமில்லை.

வேங்கி வேலையை விட்டதுக்குக் காரணம்? அது அவர் பிள்ளைகள் காலத்துச் செப்பேட்டில் வருது. திக்விஜயம் பண்ணணும்னு ஆசைப்பட்டு, நானாத்தான் வேங்கியைச் சித்தப்பாகிட்ட கொடுத்துட்டு வந்தேன்னு. நாம "பெட்டர் பிராஸ்பெக்ட்ஸ்"னு எழுதுற அதே வரி! சித்தப்பா விட்டுக் கொடுத்திருக்க மாட்டார், இவரால வாங்க முடியலைன்னுதான் எனக்குத் தோணுது. ஆய்வாளர்களும் அந்தச் செப்பேட்டை அப்படியே நம்பிடறதில்லை.

ஆனா அதே செல்லூர்ச் செப்பேட்டில் இன்னொரு விஷயம் இருக்கு, அதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சித்தப்பா போன பிறகு குலோத்துங்கன் தன் மகன் ராஜராஜ மும்முடிச் சோழனை வேங்கிக்கு ஆளுநரா அனுப்பறார். அந்தப் பையன் ஒரே ஒரு வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்துடறான். காரணம்? நாடாளுற சுகத்தைவிட அப்பா அம்மா காலடியில் இருந்து சேவை செய்யிற சுகம் பெருசுன்னு தோணுச்சாம். அதுக்கப்புறம் தம்பி வீரசோழனை அனுப்பறாங்க.

நிஜக் காரணம் என்னவா வேணா இருக்கட்டும். அங்க ஒத்துக்காம இருந்திருக்கலாம், சரியா நடத்தாம இருந்திருக்கலாம். ஆனா சோழ ராஜ்ஜியத்தில் ஒரு இளவரசன் ஒரு வருஷத்தில் வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்ததை மறைக்கலை. எத்தனை நாள், எதுக்காகன்னு செம்புத் தகட்டில் வெட்டி வச்சிருக்காங்க. அதுவும் அடுத்து அந்த வேலைக்கு வந்தவனோட செப்பேட்டில்.

திருமலையிலிருந்து திரும்பும்போது மேற்கே ஜவ்வாது மலை கூடவே வந்துச்சு. கடைக்கே போயிட்டேன். அப்பா ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தருக்குக் கூரை ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தார். மலையிலிருந்து புளி, சாமை, கடுக்காய்னு வித்துட்டு, போற வழியில் ஆணி, கம்பி, கடப்பாரை வாங்கிட்டுப் போற ஆளுங்கதான் எங்க பாதி வியாபாரம். அவர் என்னைப் பார்த்துட்டு, "தம்பி, கம்ப்யூட்டர்ல பில்லு போடுமே அந்தத் தம்பிதானே?" அப்படின்னார்.

அப்பதான் உறைச்சது. 2020-ல் கடையில் உக்காந்திருந்தப்ப, பாக்கி யார் எவ்வளவுன்னு நோட்டில் தேடித் தேடி வெறுத்துப் போய், யூட்யூப் பார்த்து பைத்தான்ல சின்னதா ஒரு பில் புரோகிராம் எழுதினேன். கேவலமா இருக்கும், ஒரே ஃபைல், எண்ணூறு வரி. ஆனா நான் முதல்முதலா எழுதி, ஒரு மனுஷன் நிஜமா உபயோகிச்ச புரோகிராம் அதுதான். அது இல்லைன்னா டெஸ்டிங் வேலைக்கே கூப்பிட்டிருக்க மாட்டாங்க. அந்த வருஷத்துக்கு நேரா 'சுயமாகப் படித்தல்'னு போட்டு வச்சிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரியே மாத்தினேன். வாத்தியார் வேலையை வாத்தியார் வேலைன்னே போட்டேன், ஆனா ஒரே வரி. டெஸ்டிங் ரெண்டையும் சேர்த்து ஒரே தலைப்பு. டெவலப்பர் வேலை மேலே, விரிவா. அதுக்குக் கீழே கடை. ஊர்ப்பேர், என்ன சரக்கு, எத்தனை ஐட்டம், என்ன புரோகிராம், அது இன்னும் ஓடுது. காரணமும் ஒரு வரி, தந்தையின் அறுவை சிகிச்சை. மும்முடிச் சோழனே எழுதியிருக்கான், எனக்கென்ன?

போன வாரம் இன்னொரு இண்டர்வியூ. முக்கால் மணி நேரத்தில் இருபது நிமிஷம் அந்த எண்ணூறு வரியைப் பத்தித்தான் பேசினோம். கரண்ட் போனா பில் என்ன ஆகும், ஒரே பேர்ல நாலு பேர் கடன் வச்சிருந்தா எப்படிப் பிரிப்பே, இப்படி. முடிவு இன்னும் வரலை. வந்தா சொல்றேன்.

புதுப் பிரிண்ட்டை அப்பாகிட்ட கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கிட்டு மறுபடியும் எழுத்துக் கூட்டல். கடை வந்த இடத்தில் விரல் நின்னுச்சு.

"ஒரு வருஷம்னு போட்டுக்கிற."

"ஆமா, ஒரு வருஷம்தானேப்பா."

"பதினாலு மாசம்டா." எழுந்து போய் மேல் பரணிலிருந்து சிவப்பு அட்டை போட்ட பழைய பாக்கி நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். நாலு பக்கம் அவர் கையெழுத்து. அஞ்சாவது பக்கத்தில் என்னோடது ஆரம்பிக்குது. ஜூன் மாசம், முக்கால் இஞ்ச் பைப்பு ஆறு, எல்போ பத்து, மூணு இஞ்ச் ஆணி ரெண்டு கிலோ, பாக்கி நூத்தி நாப்பது. நாப்பதுல சுழியை மறந்து பதினாலுன்னு எழுதி, அப்புறம் அடிச்சுத் திருத்தியிருக்கேன்.